வெள்ளத்தை அளக்கும் செலவு யாருடையது?

மலையிற் பெய்த மழை சமவெளியை வெள்ளமாய் வந்தடைதற்குச் சில நாழிகையோ சில நாட்களோ செல்லும். அவ்விடைக்காலமே மக்களைக் காத்துக்கொள்ளுதற்குக் கிடைப்பது. மேற்புறத்தில் நீர் உயர்ந்த செய்தி கீழ்ப்புறத்தார்க்கு முன்னரே எட்டுமாயின், மாடு கன்றுகளை மேட்டிற்கு ஓட்டலாம். குழந்தைகளையும் முதியோரையும் அப்புறப்படுத்தலாம். எட்டாதாயின், நள்ளிரவில் வாயிற்படி ஏறிவரும் நீரே முதற்செய்தியாகும்.

ஆற்றை அளப்பதென்றால் கரையில் அளவுகோல் ஒன்றை நட்டுப் பார்த்து வருவதுதானே, இதற்குச் செலவென்ன என நண்பரொருவர் என்னை வினவினார். கோல் காட்டுவது நீரின் உயரத்தை மட்டுமே. ஒரு நொடியில் எத்துணைக் கன அடி நீர் செல்கின்றது என்றறிய, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும், சுழல்கருவியை நீருள் இறக்கி ஓட்டத்தின் விரைவையும் அளந்து, பரப்பை விரைவாற் பெருக்கிக் கூட்டல் வேண்டும். நீர் தாழ்ந்த காலத்தும் உயர்ந்த காலத்தும் இங்ஙனம் பன்முறை அளந்து, இன்ன உயரத்திற்கு இன்ன அளவு நீர் என ஒரு வளைகோடு வரைந்துகொள்வர். பின்னர் உயரத்தைக் கண்டே அளவைச் சொல்லலாம். ஆயினும், வண்டல் மிகுந்த பிரமபுத்திரா போன்ற ஆற்றிற் படுகை ஒரே பருவத்தில் மாறிவிடும். பழைய கோடு பொய்யுரைக்கத் தொடங்கும். மீண்டும் அளத்தல் வேண்டும். ஆகவே செலவு கோலில் அன்று. பெருக்கு நாளிற் படகேறி அளக்கும் மனிதரிடத்தும், அச்செய்தியை உடனே கொண்டுசெல்லும் கருவிகளிடத்தும் உள்ளது.

இச்செலவை ஏற்பார் யார்? ஆறு ஓர் அரசின் எல்லைக்குள் ஓடுமாயின் வழக்கில்லை. எல்லை கடந்து ஓடும்போதோ, அளக்கும் உழைப்பு மேலுள்ளார்க்கும் அதன் பயன் கீழுள்ளார்க்கும் ஆகின்றது. உண்டவரே பங்கு கொடுக்கும் விடுதிக் கணக்கில் வளர்ந்த நமக்கு, பயன்பெறுவோரே கொடுக்கட்டும் என்னும் விடை எளிதில் தோன்றும். அவ்விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பிரமபுத்திராவிற் காணலாம்.

அவ்வாறு திபெத்தில் யார்லுங் சாங்போ எனவும், அருணாசலப் பிரதேசத்திற் சியாங் எனவும் பெயர் பெறும். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் திபெத்திலே அதன் கிளையாகிய யீகோங் ஆற்றை மலைச்சரிவு ஒன்று அடைத்தது. இரண்டு திங்கள் தேங்கிய ஏரி, ஜூன் 10ஆம் நாள் உடைந்தது. அருணாசலத்திற் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்கள் பல மாண்டன. இதன் பின்னர் 2002இல் இந்தியாவும் சீனாவும் ஓர் உடன்பாடு செய்தன. நூகேஷா, யாங்சுன், நூசியா என்னும் மூன்று நிலையங்களின் நீரளவை மழைப்பருவத்திற் சீனா தருவதென்றும், அதற்கு இந்தியா பணம் செலுத்துவதென்றும் ஏற்பட்டது. சட்லெஜ் ஆற்றிற்கும் 2005இல் இத்தகைய உடன்பாடு எழுந்தது.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. யீகோங் நீர் பேராற்றிற் சேருமிடம் நூசியாவிற்கும் கீழே உள்ளது. எந்தப் பேரழிவு இவ்வுடன்பாட்டை நினைப்பித்ததோ, அதனையொத்த வெள்ளம் மறுபடி வருமாயின் இம்மூன்று நிலையங்களும் அதனைக் காணமாட்டா! விலைகொடுத்து வாங்குவோன் கடையிலுள்ளதையே பெறுகின்றான். 2017இன் மழைப்பருவத்தில் அதுவும் வரவில்லை. நிலையங்கள் செப்பனிடப்படுகின்றன என்று சீனா கூறிற்று. தோக்லாம் எல்லையில் இரு படைகளும் எதிர்நின்ற காலமும் அதுவே. மறு ஆண்டு செய்தி மீண்டும் வந்தது.

பூட்டானுடன் உள்ள முறை வேறு. மானசு, சங்கோசு முதலிய ஆறுகள் அந்நாட்டினின்று அசாமிற்கும் வங்காளத்திற்கும் இறங்குவன. அங்குள்ள முப்பதுக்கு மேற்பட்ட நிலையங்களைப் பூட்டானியர் நடத்த, பணத்தை இந்தியா தருகின்றது. எவை வேண்டும், எவ்வாறு நடக்கின்றன என்பதை இரு நாட்டு வல்லுநரும் கூடியிருந்து ஆராய்கின்றனர். இதுவும் கீழுள்ளான் கொடுக்கும் பணமே. ஆயினும் இது விலையன்று, பங்கு. பங்குடையானுக்குக் கோல் நடும் இடத்தைப்பற்றிப் பேசும் வாயும் உண்டு.

இனி, வங்கதேசத்திற்கு மேலுள்ளவர் நாமே. மழைப்பருவந்தோறும் கங்கை, பிரமபுத்திரா முதலிய ஆறுகளின் அளவுகளை இந்தியா அந்நாட்டிற்கு விலையின்றி அனுப்பி வருகின்றது. ஆற்றின் மேல் நிற்போன் கேட்கும் விலையும், கீழ் நிற்போன் கொடுக்க இசையும் விலையும் ஒன்றாயிரா என்பதை இரண்டு இடத்திலும் நின்ற நாடு நன்கறியும்.

சட்லெஜ் உடன்பாட்டின் தவணை 2020இலும், பிரமபுத்திரா உடன்பாட்டின் தவணை 2023இலும் முடிந்தன. சியாங் கரையிலுள்ள பாசிகாட் நகரத்தாரோ ஆண்டுதோறும் மே திங்கள் தொடங்கி ஆற்றின் நிறத்தை நோக்கியிருக்கின்றனர்.