கரும்பில் நல்லதைத் தேர்வது

கரும்புத் துண்டான கரணையை நட்டால் தாய்க்கரும்பே மறுபடி முளைக்கும். புது ரகம் வேண்டுமென்றால் விதைக்குத்தான் போக வேண்டும். கரும்புப் பூவில் பஞ்சோடு ஒட்டியிருக்கும் விதை மிகச் சிறியது. ஒரே கதிரின் விதைகளில் முளைக்கும் நாற்றுகள்கூட ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. அந்த வேறுபாட்டிலிருந்துதான் தேர்வு தொடங்குகிறது.

எல்லா ஊரிலும் கரும்பு பூத்து விதை பிடிப்பதில்லை, கோயம்புத்தூரில் பிடிக்கும். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்ததற்கு இது முக்கியக் காரணம். அங்கே ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பை, அதன் காட்டு உறவான பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். அதில் பிறந்து 1918-இல் வெளிவந்த கோ 205 ரகம் தாயிடம் இனிப்பையும் தந்தையிடம் வறட்சியையும் குளிரையும் தாங்கும் உரத்தையும் பெற்றது, பஞ்சாபில் பரவியது.

மகசூல் என்பது தனி ஒரு குணமல்ல. வயலில் வெட்டத் தேறும் கரும்புகளின் எண்ணிக்கையும் ஒரு கரும்பின் எடையும் சேர்ந்ததே அது. எடைக்குப் பின்னால் நீளமும் பருமனும் இருக்கின்றன. தடித்த கரும்பு கண்ணை இழுக்கும். ஆனால் பெரும்பாலும் அது குறைவாகவே தூர் கட்டும். பருமனை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர் வயலில் எண்ணிக்கையை இழப்பார். எண்ணிக்கைக்கே முதலிடம் தருவது சரி.

இனிப்பை முதலிலேயே நம்பலாம். கைக்கருவியில் ஒரு துளிச் சாறு விட்டால் சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு தெரியும்; அது பெரும்பாலும் மரபு வழியே வருவது. எடை அப்படியல்ல, மண்ணுக்கும் நீருக்கும் தக்கபடி மாறும். ஒற்றை நாற்றை வைத்து எடையைத் தீர்ப்பது வீண். அதனால் தேறிய நாற்றுகளைக் கரணையாக்கி, வரிசையாக நட்டு, பல ஊர்களில், பல பருவங்களில் எடைபோடுகிறார்கள். வெட்டியபின் துளிர்க்கும் மறுதாம்பு எப்படி வருகிறது, கரும்பு காற்றில் சாய்கிறதா, காய்ந்த இலையான சோகை தானே உரிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

நோய் எதிர்ப்பைத் தள்ளிவைத்தால் மற்ற எல்லாமே போய்விடும். கடலூரில் உருவான கோக 671 ரகத்தின் சர்க்கரைச் சத்து அருமையானது. ஆனால் செவ்வழுகல் நோய் அதை வீழ்த்தியது. அதன் இனிப்பைக் கைவிடாமல் கோ 62198-ஓடு இணைத்து உருவாக்கியதுதான் கோ 86032. நல்ல இனிப்போடு வறட்சியையும் தாங்கும் ரகம் இது. இந்தக் குணம் எங்கே உதவும் என்பதற்கு ஆரணி ஓர் எடுத்துக்காட்டு; அந்த ஊரைச் சுற்றியும் கரும்பு விளைகிறது. அங்குள்ள கமண்டல நாகநதி ஆற்றில் எந்நாளும் நீர் ஓடாது; கிணற்றையும் ஏரியையும் நம்பிய வயல்களுக்கு வறட்சி தாங்கும் ரகமே பொருத்தம்.

இப்படித் தேர்ந்தெடுக்கக் காலம் பிடிக்கும். கோ 86032-இன் பெயரில் உள்ள 86, 1986-ஐக் குறிக்கும். அது சாகுபடிக்கு வெளியிடப்பட்டது 2000-இல்.