முந்தியவனா, நின்றவனா?

விராலிமலைத் திடலில் 2019 சனவரியில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் சீறிவந்தன. உலக சாதனை என்று ஊர் முழங்கிற்று. அங்கே பரிசு யாருக்கு? முதலில் பாய்ந்தவனுக்கா? இல்லை! திமிலைத் தழுவி, எல்லைக்கோடு வரை விடாது நின்றவனுக்கு! உழவன் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த நீதி, வணிகக் கோமான்களுக்குத் தெரியவில்லை. "புதுப்பொருளா? முந்தியவனுக்கே சந்தை!" என்று முழங்குகின்றனர். முழக்கம் இனிக்கிறது, கணக்கு கசக்கிறது.

கணக்கைப் பார்ப்போம், தோழர்களே!

மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். 1993-ல் டில்லிக் கண்காட்சிக்கு வந்தது 'லவ்பேர்டு'. இந்தியாவில் முந்தி வந்த மின்சாரக் கார் அது. பெயரேனும் நினைவில் உண்டா? 2001-ல் பெங்களூரில் பிறந்தது 'ரேவா'. இலண்டன் தெருக்களிலும் ஓடிற்று. ஆனாலும் விற்றது சில ஆயிரமே! 2010-ல் அந்த நிறுவனம் மகிந்திராவின் கைக்குப் போயிற்று.

அறிவு இல்லையா? இருந்தது. ஆர்வம் இல்லையா? அதுவும் இருந்தது. களம்தான் இல்லை! ஈய-அமில பேட்டரி, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விராலிமலையிலிருந்து திருச்சி போய்த் திரும்பலாம். மதுரைக்குப் புறப்பட்டால் நடுவழியில் நிற்கும். நின்ற இடத்தில் சார்ஜ் ஏற்ற நிலையம் உண்டா? பழுது பார்க்கத் தெரிந்த கைதான் உண்டா?

2020-ல் வந்தது டாட்டாவின் மின்சார 'நெக்சான்'. ரேவாவுக்குப் பத்தொன்பது ஆண்டு இளையது! அதற்குள் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. சோதனைக் கணக்கில் 312 கிலோமீட்டர் ஓடிற்று. 2019-லேயே மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தது. பிந்தி வந்தவனுக்குச் சந்தை மாலையிட்டது.

முன்னோடியை நாம் இகழவில்லை. முள்ளை மிதித்தவன் அவன். வழி கண்டவர் பின்னால் வந்தோர். அதற்காக, உறங்கிக் கிடந்தவனும் வெல்வான் என்று எண்ண வேண்டா. பிந்தி வந்து வென்றவன், கைகட்டிக் காத்திருந்தவன் அல்லன், கற்றுக்கொண்டிருந்தவன்!

நமக்கு இதில் என்ன? சாலையோரப் பட்டறையில் டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டும் தோழன் கேட்கிறான்: "என் பிழைப்பு என்னாகும்?" ஆலை முதலாளிகளில் எவர் முந்தினார் என்பதா அவன் கவலை? அவன் கைக்குப் புதுத்தொழில் வருமா என்பதே கேள்வி!

பட்டறைத் தொழிலாளிக்கு ஐ.டி.ஐ.யில் மாலை வகுப்பு வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் அவன் கைக்குப் பழக வேண்டும். கற்கும் நாளில் கூலி இழப்புக்கு ஈடும் வேண்டும். கேட்போம்! கிளைதோறும் தீர்மானமாய்க் கேட்போம்!