ஆறரை மணி அவசரமும் பிள்ளைகளின் சாப்பாடும்

சுபஹுத் தொழுகை முடிந்து முஸல்லாவை மடித்து வைத்ததிலிருந்து பாடசாலை வேன் வாசலில் வந்து ஹோன் அடிக்கும் வரை ஒரு தாய்க்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதற்குள் தேநீர் வைக்க வேண்டும். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி உடுப்பு மாற்ற வேண்டும். காலைச் சாப்பாடு, இடைவேளைச் சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஆயத்தமாக வேண்டும். அவளும் ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்தால் தன்னையும் ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த நெருக்கடியில் ஒரு நூடுல்ஸ் பக்கட்டை வெட்டிக் கொதிநீரில் போடும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகுதியும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கட்டுகளை டசின் கணக்கில் வாங்கி வந்தவன் நான்தான்.

எங்கள் கடைசி மகளுக்கு நான்கு வயது. கொழுகொழுவென்று இருப்பாள். கிளினிக் பதிவேட்டில் அவளுடைய நிறை எப்போதும் பச்சைப் பகுதியில்தான். ஆகவே எங்களுக்குக் கவலை இருக்கவில்லை. சென்ற வருடம் அவள் அடிக்கடி சோர்ந்து படுப்பதையும், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போடுவதையும் என் மனைவியின் உம்மாதான் முதலில் கவனித்தார். வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. அந்த வயதில் 11க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை என்றார்.

பிறகு பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று வைத்தியர் கேட்டார். காலையில் நூடுல்ஸ் அல்லது பாணும் மாஜரினும்; முன்பள்ளிக்குக் கிறீம் பிஸ்கட்; பகலில் கொஞ்சம் சோறு, அதுவும் கதை சொல்லி ஊட்டினால்; மாலையில் பிளேன்டீயும் ரோல்ஸும்; இடையிடையே நான்கைந்து தடவை பால்மா கரைத்த பால். மனைவி சொல்லச் சொல்ல, நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிறு நிறைவதும் உடல் போஷாக்குப் பெறுவதும் ஒன்றல்ல என்பதை அன்று அவர் பொறுமையாக விளக்கினார். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் பிள்ளையின் பசியை அது அடைத்துவிடும், சோறு கறிக்கு இடமிருக்காது. சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதை அது தடுக்கும். நம் வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பிளேன்டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுக்கிறோமே! அதற்கு மாறாக, தேசிக்காய், கொய்யா, தோடம்பழம், பப்பாசி போன்றவற்றிலுள்ள விற்றமின் சி, பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். வைத்தியர் இரும்புச் சத்துப் பாணி மருந்து எழுதித் தந்தார். ஆனால் மருந்து முடிந்த பிறகும் பழைய சாப்பாடே தொடர்ந்தால் திரும்பவும் இங்கேதான் வரவேண்டிவரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அன்றிரவு குசினி அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு பக்கட்டாக எடுத்துப் பார்த்தேன். கடையில் நாம் எல்லோரும் பக்கட்டைத் திருப்பி ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது அவசியம். முத்திரையைக் கண்டவுடன் மனம் ஆறிக் கூடைக்குள் போட்டுவிடுகிறோம். அதே பக்கத்தில், அதைவிடச் சிறிய எழுத்தில் எழுதியிருப்பதை நான் வாசித்ததே இல்லை. ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்!

அந்தச் சிறிய எழுத்தை வாசிக்க ஒரு சிறு கணக்கு போதும். உப்பின் அளவு அநேகமாகச் சோடியம் என்ற பெயரில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் அது 1 கிராம் உப்பு. எங்கள் அலுமாரியிலிருந்த நூடுல்ஸ் பக்கட் ஒன்றில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அதாவது இரண்டரைக் கிராம் உப்பு. வளர்ந்த ஒருவருக்கே முழு நாளைக்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அதில் பாதியை என் நான்கு வயது மகள் ஏழு மணிக்கு முன்பே முடித்துக்கொண்டிருந்தாள்.

வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு நிறமும் உதவும். 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் இடப்படுகின்றன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிற்பாடு பொதி செய்த திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் இம்முறை வந்தது. எங்கள் வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரியாத மகளே இப்போது கடையில் நின்று, “வாப்பா, இது சிவப்பு” என்கிறாள். கடைக்காரர் சிரிக்கிறார்.

சரி, பக்கட்டை ஒதுக்கினால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எதைக் கொடுப்பது? இதற்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியை நம் பிள்ளைகள் எப்படிக் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். சட்டி கொண்டுபோய் வரிசையில் நின்று வாங்கி வந்து, மஃரிப் பாங்குக்கு முன்னமே நோன்பில்லாத சின்னவர்கள் பாதியை முடித்துவிடுவார்கள். அந்தக் கஞ்சியில் என்ன இருக்கிறது? அரிசி, பருப்பு, உள்ளி, இஞ்சி, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி, தேங்காய்ப்பால், ரம்பை. ஒரே பானையில் முழுச் சாப்பாடு. பெருநாள் பிறை கண்டதும் அதை மறந்து மீதிப் பதினொரு மாதமும் பிஸ்கட்டைத் தேடுகிறோம்.

எங்கள் மாமி இதைக் காலைச் சாப்பாடாக மாற்றிய விதத்தைச் சொல்கிறேன். இரவில் அரைச் சுண்டு சிவப்பரிசியையும் கால் சுண்டு பாசிப்பயற்றையும் கழுவி ஊறவைத்துவிடுவார். காலையில் அவற்றைக் குக்கரில் போட்டு, ஐந்தாறு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ரம்பை, துருவிய கரட், சிறிதாக வெட்டிய கோழி இறைச்சி கொஞ்சம் சேர்த்து, ஏழெட்டுக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுத்தான் குர்ஆன் ஓத உட்காருவார். குக்கர் தன் வேலையைப் பார்க்கும். இறக்கிய பின் ஒரு கோப்பைத் தேங்காய்ப்பாலும் ஒரு கைப்பிடி பொடியாக அரிந்த முருங்கை இலையும் போட்டு ஒரு கொதி. பரிமாறும்போது சில துளி தேசிக்காய்ப் புளி. கோழிக்குப் பதிலாக முள் எடுத்த மீனும் போடலாம்; ஒன்றுமில்லாத நாளில் ஓர் அவித்த முட்டையை மசித்துச் சேர்க்கலாம். உப்பைக் கடைசியில்தான் போடுவார். அதற்கு முன்பே கைக்குழந்தையின் பங்கை வேறாக எடுத்து மசித்துவிடலாம். ஒரு வயது நிறையாத பிள்ளையின் சாப்பாட்டில் உப்பும் சீனியும் சேர்க்க வேண்டியதில்லை.

தினமும் கஞ்சி என்றால் பிள்ளைகள் முகத்தைத் திருப்புவார்கள். எங்கள் வீட்டிலும் மூன்றாம் நாள் அதுதான் நடந்தது. அதனால் இடியப்பத்தையும் சேர்த்துக்கொண்டோம். எங்கள் தெருவில் ஒரு சகோதரி அதிகாலையிலேயே இடியப்பம் அவித்து விற்கிறார். பக்கட் உணவைவிட விரைவான சாப்பாடு இதுதானே! மிளகாய் குறைத்த பருப்புக் கறியும் ஒரு முட்டையும் இருந்தால் பிள்ளையின் காலைச் சாப்பாடு நிறைவாகிவிடும். சிவப்பரிசி மா இடியப்பமாக இருந்தால் நார்ச்சத்தும் கூடும். மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, முட்டை, கரட், லீக்ஸ் போட்டுப் பிரட்டினால் நூடுல்ஸ் கேட்டு அழும் பிள்ளையும் சமாதானமாகும். இடியப்பம் விற்கும் அந்தச் சகோதரியின் அடுப்பும் எரியும்.

உண்மையான நேர மிச்சம் வார விடுமுறையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. முதல் நாள் இரவே ஊறவைத்த அரைக் கிலோ கடலையை அவித்து, ஒரு நேரத்துக்கு ஒன்றாகச் சிறிய பெட்டிகளில் போட்டு ஆழ்குளிரில் வைக்கிறோம். உள்ளி இஞ்சி அரைத்து வைக்கிறோம். மீனைத் துப்புரவாக்கி மஞ்சள் பூசி ஒரு சட்டிக்கு அளவாகப் பிரித்து வைக்கிறோம். சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்கள் விலையிலும் குறைவு. முள்ளோடு நன்றாக அவித்து அரைத்து மீன் ரொட்டிக்குள் வைத்தால் கல்சியமும் கிடைக்கும். கருவாட்டு நெத்தலி என்றால் சுடுநீரில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். தேங்காயும் துருவி வைத்துவிடலாம். துருவலை இப்போது என் பொறுப்பு. முதல் வாரம் விரலைக் கிழித்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவி செய்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை எத்தனையோ ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறேன். சகோதரிகளே, இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டு ஆண்களின் கண்ணில் படும்படி மேசையில் விரித்து வையுங்கள்.

பிரிஜ் இருக்கிறது என்பதற்காகக் கவனமின்றி இருந்துவிடவும் கூடாது. சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. குறிப்பாகச் சோறு. ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி வெளியிடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. பெரிய பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும்; தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஒரு முறை சூடாக்கியதை மீண்டும் உள்ளே வைக்காதீர்கள். மின்சாரம் நெடுநேரம் நின்று ஆழ்குளிரில் வைத்த மீன் இளகிச் சூடேறிவிட்டால் அந்தப் பெட்டியைக் கொட்டிவிடுவதே பாதுகாப்பு. 2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் விலையைப் பார்த்து அப்படிக் கொட்ட மனம் வராமல் சமைத்து, மூன்று பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம் வந்து நாங்கள் பட்ட பாடு போதும்.

இடைவேளைப் பெட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவித்த கடலையில் தேங்காய்ப்பூ தூவியது, பாசிப்பயறு, எள்ளுருண்டை, வாழைப்பழம், முட்டையும் கீரையும் சேர்த்த ரொட்டி ஆகிய இவற்றில் ஏதாவதொன்று கிறீம் பிஸ்கட்டின் இடத்தைப் பிடிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கச்சானை முழுதாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும் ஆபத்துண்டு. இடித்துத்தான் கொடுக்க வேண்டும். கடலையையும் சின்னவர்களுக்கு மசித்துக் கொடுப்பது நல்லது. சொசேஜைப் பற்றிப் பல தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். ஹலால் முத்திரை இருந்தாலும் அது பதப்படுத்திய இறைச்சி. உப்பும் கொழுப்பும் கூடியது. எப்போதாவது ஒரு நாள் என்றால் சரி, தினமும் பெட்டியில் போடும் பொருளல்ல.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மகள் முதல் இரண்டு வாரம் அழுதாள், தட்டைத் தள்ளினாள். மூத்தம்மா தன் கோப்பையிலிருந்து ஒரு வாய், அவள் கோப்பையிலிருந்து ஒரு வாய் என்று போட்டி வைத்துத்தான் கஞ்சியைப் பழக்கினார். பால் காலையும் இரவும் ஒவ்வொரு கோப்பையாகக் குறைந்தது. பிளேன்டீ நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் 11.6 என்றிருந்தது. மருந்தின் பங்கு எவ்வளவு, முருங்கை இலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று வைத்தியர் சிரித்தார். இப்போது சுவரைச் சுரண்டுவதில்லை. நூடுல்ஸை வீட்டிலிருந்து அடியோடு துரத்தவுமில்லை. புதன்கிழமை காலை அதற்குரியது. தூள் பையில் பாதியைத்தான் போடுவோம். முட்டையும் கோவாவும் கரட்டும் அதற்குள் இருக்கும். செவ்வாய் இரவே மகள் நாளை என்ன கிழமை என்று கேட்கத் தொடங்கிவிடுவாள்.