பட்டறை வழியே பட்டம்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாமாண்டு)

"பொறியியல் கிடைக்காமல்தானே இங்கே வந்தாய்?" என்ற கேள்வியைக் கேளாத இயற்பியல் மாணவர் நம் கல்லூரியில் இருத்தல் அரிது. என்னைக் கேட்டவர்களுக்கு, "கிடைத்தது, கட்ட முடியவில்லை" என்று விடை சொல்லிப் பழகிவிட்டேன். கலந்தாய்வில் வெளியூர் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் இடம் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை போக, விடுதிக்கும் உணவுக்கும் பிறவற்றிற்கும் ஆகும் தொகையை, விசைத்தறியில் கூலிக்கு ஓட்டும் என் தந்தையார் ஒரு தாளின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் வீட்டில் அது பற்றிய பேச்சே எழவில்லை.

பொறியாளர் ஆகும் வாய்ப்பு 17 வயதோடு முடிந்துவிடுகிறதா? இந்த ஓராண்டாக நூலகத்திலும், விவரம் தெரிந்தவர்களிடமும் நான் துருவிக் கொண்டிருந்த கேள்வி இதுதான்.

மேலைநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1972-ல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் டைம்லர்-பென்ஸ், பாஷ் முதலிய நிறுவனங்கள் கூடி ஒரு திட்டம் வகுத்தன. மாணவன் சில மாதம் வகுப்பில் இருப்பான். சில மாதம் தொழிற்சாலையில் இருப்பான். சம்பளம் இரு காலத்திலும் உண்டு. அத்திட்டத்தில் பிறந்த கல்விக்கழகம் 2009-ல் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. இங்கிலாந்தில் 2015-ல் 'பட்டத் தொழிற்பழகுநர்' முறை தொடங்கியது. அங்கே பயில்பவர் முதலில் ஊழியர், பிறகுதான் மாணவர். வேலை நேரத்தின் ஒரு பகுதியைப் படிப்புக்கென்று நிறுவனம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். படிப்பவர் கல்விக் கட்டணமாக ஒரு காசும் தருவதில்லை. பெரிய நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் 30 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு அரை வீதம் 2017 ஏப்ரலில் விதிக்கப்பட்ட வரிதான் இதற்கு ஆதாரம். இளநிலைப் பட்டத்திற்கு வயது உச்சவரம்பு கிடையாது. 35 வயதில் பிட்டராக இருப்பவர் 40 வயதில் பொறியாளராக வெளிவரலாம். என்னைக் கவர்ந்தது இந்த வயது விதிதான்.

நம் நாட்டில் தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 1973 திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2014 திருத்தத்தால் நம்மைப் போன்ற கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. 2019 விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. ஆனால் நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பட்டத்திற்குப் பின் வரும் பயிற்சி. முடிவில் சான்றிதழ் கிடைக்கும், பொறியியல் பட்டம் கிடைக்காது. பட்டத்திற்குள்ளேயே பயிற்சியை வைக்கும் முறைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல்தான் நெறிமுறை வகுத்தது.

"ஏ.எம்.ஐ.இ. இருக்கிறதே?" என்று நம் பேராசிரியர்களில் மூத்தவர்கள் கேட்கக்கூடும். வேலை பார்த்துக்கொண்டே தேர்வெழுதிப் பொறியாளரானவர்கள் அந்த வழியில் எத்தனையோ பேர். ஆயினும் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதைப் பட்டத்திற்கு நிகராக மத்திய அரசு ஏற்றது. என் வயதினருக்கு அந்த வாசல் அடைபட்டதுதான்.

ஏட்டில் படித்தது இவ்வளவு. கண்ணால் கண்டது என் தாய்மாமனை. டிப்ளமோ முடித்து 19 வயதில் கோவையில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் சேர்ந்தவர், 33-ஆம் வயதில், 2012-ல், பகுதிநேர பி.இ. வகுப்பில் சேர்ந்தார். டிப்ளமோவோடு வேலையில் இருப்போருக்காகக் கோவைக் கல்லூரிகள் மாலையில் நடத்திய மூன்றரை ஆண்டுப் படிப்பு அது, ஏழு பருவங்கள். இங்கிலாந்துக்காரனுக்குக் கிடைத்த எதுவும் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. கட்டணம் தம் கைக்காசு. ஷிப்டு மாற்றித்தர நிர்வாகம் மறுத்துவிட்டதால் உடன் வேலை செய்தவர்களிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டார். தீபாவளி, பொங்கல் ஷிப்டுகளை அவர்களுக்குப் பதிலாக இவர் பார்த்துக் கடனைத் தீர்த்தார். அத்தை இன்றும் அந்தப் பொங்கல்களைச் சொல்லிக் காட்டுவதுண்டு.

ஆனால் அவர் சொன்ன ஒரு செய்தியை நான் மறக்கமாட்டேன். பழுதுக்கு வரும் பம்புகளைப் பிரித்தால், உள்ளே சுழலும் இம்பெல்லர் கரையான் அரித்ததுபோல் குழிகுழியாக இருக்குமாம். ஓடும்போது உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் ஓசை கேட்கும். "வார்ப்பு சரியில்லை" என்று 14 ஆண்டுகளாக எல்லோரும் வார்ப்படக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் இரவு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டார். நீரை உறிஞ்சும் உயரம் மிகுந்தால் இம்பெல்லரின் நுழைவாயில் அழுத்தம் குறைகிறது. நீரின் ஆவியழுத்தத்திற்குக் கீழே போனதும் சூடின்றியே நீர் கொதித்துக் குமிழ்கள் தோன்றுகின்றன. அவை அழுத்தம் கூடிய இடத்தை அடைந்ததும் நொறுங்கி உலோகத்தைக் கொத்துகின்றன.

"மாப்ளே, எனக்குத் தூக்கமே கலைஞ்சு போச்சு. அந்தச் சத்தத்தை அத்தனை வருஷம் கேட்டவன் அந்த வகுப்புல நான் ஒருத்தன்தான்" என்றார் மாமா.

எனக்கோ நிலைமை நேர் எதிர். வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் நீரைத் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பெர்னூலி தேற்றத்தை எந்நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன். மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய இம்பெல்லரை என் கையில் கொடுக்கும்வரை அதன் எடையைக்கூட நான் அறிந்ததில்லை. உறிஞ்சும் உயரம் 10 மீட்டர் என்று நான் சொன்னதும் சிரித்தார். ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் போனால் வம்பு என்பது அவர் கணக்கு. உராய்வில் போகும் இழப்பையும் ஆவியழுத்தத்தையும் கழித்துப் பார்த்தேன். அவர் கணக்கே சரி.

பகுதிநேரப் படிப்பு டிப்ளமோ உள்ளவர்களுக்கானது என்பதால் எனக்குப் பொருந்தாது. பி.எஸ்ஸி.க்கு இருப்பது நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை. மேல்நிலையில் கணிதம் படித்திருக்க வேண்டும். சேர்ந்தபின், முதலாண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் விசையியலையும் கூடுதலாகத் தேற வேண்டும். மூன்று ஆண்டுகள், முழுநேரம், சம்பளம் இல்லை. அந்தச் சமயத்தில் என் தங்கை பிளஸ் டூ முடிப்பாள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு கட்டணம் போகாது. ஆகவே முதலில் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி, அவள் கல்லூரியில் சேர்ந்தபின் என் பொறியியல் என்று முடிவு செய்திருக்கிறேன். 25 வயதுக்குள் முடியும் என்பது என் கணக்கு. தந்தையாரிடம் சொன்னபோது அவர் தாள் எடுக்கவில்லை, "மாமன்கிட்டக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டேன். மாமா பரண் மேலிருந்து தம் டிராப்டரை எடுத்துக் கொடுத்தார். ஒரு திருகு தளர்ந்து அளவுகோல் ஆடுகிறது. அதைச் சரிசெய்து, இந்தக் கோடை விடுமுறையில் வரைபடம் பழகத் தொடங்கியிருக்கிறேன்.