இரண்டாவது வயலின்

1986ஆம் ஆண்டு இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஒலிநாடாவை அண்மையில் மறுபடியும் கேட்டேன். பாட்டு வரி இல்லாத இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கை. டெங்கிலை அடுத்த தோட்டத்து லயத்தில் அப்பா அதைப் போட்டபோது, “பாட்டு எப்போதப்பா வரும்?” என்று கேட்டவன் நான்.

அதில் ‘ஃபியூக்’ முறையில் ஒரு பகுதி உண்டு. ஃபியூக் என்பது என்ன? ஒரு குரல் மெட்டைத் தொடங்கும். மற்றொன்று அதையே வேறு சுருதியில் பிடித்துக்கொள்ளும். முதற்குரலோ ஓயாமல் எதிர்மெட்டு இசைக்கும். நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். இரு மெட்டுகள் ஒருங்கே ஒலிக்கையில் கமகம் இடறும். அவரும் சில இடங்களில் அதைக் குறைத்தே கொண்டார் என்பது என் எண்ணம்.

தோட்டம் போய்விட்டது, நாடா இருக்கிறது. மாணவர்களுக்குப் போட்டேன். “சார், ரெண்டு வயலினும் சண்டை போடுதா?” என்றாள் ஒருத்தி. “இரண்டாவது நுழையும்போது கை தூக்கு” என்றேன். சரியாகத் தூக்கினாள்.