கழுத்தில் விழும் வெயில்

எமது மாணவன் ஒருவன் அண்மையில் வீட்டுச் சங்கடமொன்றை எம்மிடம் கொண்டுவந்தான். அவன் தங்கை வலைப்பந்தாட்டத்தில் மிக்க ஆர்வமுடையவள். வெயிலிலுள்ள கதிர் கழுத்துச் சுரப்பியைப் பழுதாக்கும் என்று யாரோ சொல்லக் கேட்ட தாயார், அவளை மைதானத்துக்கே அனுப்புவதில்லையாம். தாயாரின் அச்சத்தைக் கண்டு நகைத்தல் முறையன்று. கதிரினால் அச்சுரப்பி கெடுதல் உண்மையே. ஆயின் அக்கதிர் வேறு, வெயிற்கதிர் வேறு. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வழங்குவதால் வந்த குழப்பம் இது.

சூரியனின் கழியூதாக் கதிர், ஊதா நிறத்துக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஒளியாகும். அதிற் குறுகிய அலைகள் பெரும்பாலும் தோலின் மேற்படையிலேயே அடங்கிவிடும். நீண்டவை உட்டோல் வரை செல்லும். தைரொயிட்டுச் சுரப்பியோ தோல், கொழுப்பு, தசை யாவற்றுக்கும் பின்னே, குரல்வளைக்குக் கீழ் மூச்சுக்குழலை அணைத்தபடி இருப்பது. எத்தனை ஆண்டுகள் வெயிலில் நின்றாலும் இக்கதிர் நேரே அதனைத் தீண்டுவதில்லை. வயலில் உழைப்போரின் பிடரித் தோல் தடித்துச் சுருங்குவதும், கண்ணிற் புரை படர்வதற்குத் துணைசெய்வதும் வெயிலின் வேலை. கண்டக்கழலை அதன் வேலையன்று.

அப்படியாயின் சுரப்பியைக் கெடுப்பது எது? உடலை ஊடுருவும் எக்ஸ் கதிர் ஒன்று. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலே, குழந்தைகளின் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பி பெருத்துவிட்டதென எண்ணி, அதனைச் சுருக்குவதற்கு எக்ஸ் கதிரைப் பாய்ச்சினர். அக்குழந்தைகளுட் சிலருக்குப் பின்னர் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டதை 1950 இல் வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர்.

மற்றையது தோலைத் துளைத்து வரவில்லை, வாய்வழியே வந்தது. 1986 ஏப்பிரல் 26 இல் உக்ரேனின் சேர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தபோது, கதிரியக்க அயடீன் காற்றிற் பரவிப் புல்லிற் படிந்தது. அப்புல்லை மேய்ந்த பசுவின் பாலிலே அது கலந்தது. பாலைக் குழந்தைகள் பருகினர். உடலுள் வரும் அயடீனையெல்லாம் பிடித்துச் சேமிப்பது தைரொயிட்டின் இயல்பு. நல்ல அயடீன், நச்சு அயடீன் என்ற பேதம் அதற்குத் தெரியாது. குழந்தையின் சுரப்பி மிகச் சிறிதாதலின், அதே அளவு அயடீன் அங்கே பன்மடங்கு தாக்கும். அப்பகுதிகளின் உணவில் அயடீன் முன்னரே குறைந்திருந்ததனால், பசித்த சுரப்பிகள் அதனை இன்னும் ஆவலோடு ஏற்றன. அக்காலத்துச் சிறுவர்களுள் 6,000 க்கு மேற்பட்டோருக்கு 2005 ஆம் ஆண்டளவில் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டிருந்தது. சிகிச்சையாற் பெரும்பாலோர் பிழைத்தனர். 15 பேர் இறந்தனர்.

இந்த அயடீன் எட்டு நாட்களுக்கொருமுறை பாதியாகக் குறைந்துவிடும். சில வாரங்கள் அந்தப் பாலை விலக்கியிருந்தாற் போதும் என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு பதறுகின்றது. அண்டை நாடான போலந்து ஏப்பிரல் 29 இலேயே நல்ல அயடீனைக் கொடுக்கத் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் சுரப்பிகளை அதனால் நிரப்பியது. நிரம்பிய சுரப்பி நச்சு அயடீனை அதிகம் ஏற்காது. வேடிக்கை யாதெனில், அதே கதிரியக்க அயடீனைக் கொண்டே இன்று வைத்தியசாலைகளில் தைரொயிட்டுப் புற்றுநோய்க்குச் சிகிச்சையும் செய்கின்றனர்.

இவற்றையெல்லாம் மாணவனிடம் சுருக்கிச் சொல்லியனுப்பினோம். உச்சி வெயிலைத் தவிர்த்துத் தங்கை ஆடட்டும். கழுத்திலே முடிச்சேதும் தோன்றினால் வெயிலைக் குறைகூறிக் காலம் போக்காமல் வைத்தியரிடம் காட்டட்டும் என்றோம். அடுத்த கிழமை அவள் மைதானத்துக்குப் போனாளாம், தாயார் கட்டிவிட்ட கழுத்துத் துணியோடு.