கடிகாரமே எதிரி

பந்தயம் ஒன்று நடைபெறப் போகிறது என்றாலே, வெல்லப்போவது யார் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கும் ஆவல் நமக்கு எழுந்துவிடுகிறது. அவ்வாறு சொல்வது எந்த எல்லைவரை அறிவின்பாற்பட்டது, எந்த இடத்திலிருந்து வெறும் ஆரூடமாகிவிடுகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. ஐரோப்பாவில் தொழில்முறை வீரர்கள் கலந்துகொள்ளும் சைக்கிள் பந்தயங்களுள் ஒருவகை, இவ்வெல்லையை நன்கு காட்டுகிறது. அதைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

அதனை அணி நேரப் பந்தயம் என்று கூறலாம். பிரான்சு நாட்டில் மூன்று வாரங்கள் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், சில ஆண்டுகளில் ஒரு நாள் இதற்கென ஒதுக்கப்படுவதுண்டு. பெரும்பாலான நாள்களில் எல்லா வீரர்களும் ஒருசேரப் புறப்படுவர். இதிலோ ஒவ்வோர் அணியும் சில நிமிட இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்படும். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் அணி வெற்றி பெறும். எதிரி அருகில் இல்லை, கடிகாரமே எதிரி.

சமதரையில் விரைந்து செல்லும் சைக்கிள் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அஃதாவது, வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த வேண்டுமானால், திறனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியாக வேண்டும். ஆதலின் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தை ஒட்டிச் சக்கரமாகச் செல்கின்றனர். முன்னே செல்பவர் காற்றைத் தாங்குகிறார். பின்னே வருபவர்களுக்கு அதே வேகத்தில் செல்ல மிகக் குறைந்த உழைப்பே போதும். சிறிது நேரம் முன்னே சென்றவர் விலகி வரிசையின் கடைசிக்கு வந்து இளைப்பாற, அடுத்தவர் முன்னிலை ஏற்கிறார்.

அப்படியாயின், வீரர்களின் ஆற்றல்களைக் கூட்டி, கூட்டுத்தொகை எந்த அணிக்கு அதிகமோ அதுவே வெல்லும் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. ஊர் கூடித் தேர் இழுக்கையில் ஒரு கை தளர்ந்தாலும் மற்றக் கைகள் அதனை ஈடுசெய்துவிடும். இங்கே நிலைமை வேறு. டூர் டி பிரான்சில் 2015ஆம் ஆண்டு ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது வீரர்கள். ஐந்தாவதாக எல்லைக்கோட்டைக் கடப்பவரின் நேரமே அணியின் நேரம். களைத்த நால்வரைப் பின்னே விட்டுச் செல்லலாம். ஐந்தாமவரை விட முடியாது. அவ்வாண்டு வான் நகரிலிருந்து புளூமெலெக் வரை 28 கிலோமீட்டர் தூரம் நடந்த பந்தயத்தின் இறுதியில் ஒரு மேடு இருந்தது. ஸ்கை அணியின் ஐந்தாம் வீரர் நிக்கோலஸ் ரோச் அம்மேட்டில் தளர்ந்தார். வலிமை மிக்க மற்றவர்கள் அவருக்காக வேகத்தைக் குறைக்க நேர்ந்தது. பி.எம்.சி. அணி ஒரே வினாடி வேறுபாட்டில் வென்றது. எனவே, கணிக்க முற்படுபவர் அணியின் தலைசிறந்த வீரரைப் பார்த்து மயங்காமல், கணக்கில் சேரும் கடைசி வீரரையே முதலில் நோக்க வேண்டும்.

இவையனைத்தும் அறிந்த ஒருவர் வெற்றியாளரைத் திட்டமாகச் சொல்ல இயலுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு நீஸ் நகரில் 25 கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடைபெற்றது. ஆஸ்திரேலியாவின் ஓரிக்கா-கிரீன்எட்ஜ் அணி அதனை 25 நிமிடம் 56 வினாடியில் முடித்தது. முந்திய ஆண்டு உலகப் பட்டம் வென்றிருந்த ஒமேகா பார்மா-குவிக்ஸ்டெப் அணி, ஒரு வினாடிக்கும் குறைவான வேறுபாட்டில் தோற்றது. அவர்கள் சென்ற வேகம் மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர். வினாடிக்குச் சுமார் 16 மீட்டர். 25,000 மீட்டர் ஓடியபின், இரண்டு அணிகளையும் பிரித்தது 16 மீட்டருக்கும் குறைவான தூரமே!

இப்போது, அணியின் திறனை நூற்றில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டுவிட்டோம் என்று கொள்வோம். திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது என்று கண்டோம். ஆகவே வேகத்தில் நேரும் பிழை நூற்றில் மூன்றிலொரு பங்கே. ஆயினும் 26 நிமிடப் பந்தயத்தில் அது ஐந்து வினாடியாகிவிடும். வெற்றியைத் தீர்மானித்ததோ ஒரு வினாடிக்கும் குறைவு. நம் அளவுகோலின் பிழை, நாம் அளக்க விரும்பும் பொருளைக் காட்டிலும் பெரிதாகிவிட்டது!

வானிலையும் தன் பங்குக்குக் குறுக்கிடும். 2023ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தின் முதல் நாள், பார்சிலோனாவில் மழையும் மாலை இருளும் சூழ்ந்தன. வலிமை மிக்கதென்று கருதப்பட்ட ஜம்போ-விஸ்மா அணி அரை நிமிடம் பின்தங்கிற்று. வென்ற டி.எஸ்.எம். அணிக்கும் இரண்டாவதாக வந்த மொவிஸ்டார் அணிக்கும் இடையே ஒரு வினாடி வேறுபாடுகூட இல்லை.

விதி மாறினால் கணிப்பின் முறையும் மாறும். அதே ஆண்டு பாரிஸ்-நீஸ் பந்தயத்தில், முதலாவதாக எல்லையைக் கடப்பவரின் நேரமே அணியின் நேரம் என்று விதித்தனர். அங்கே ஐந்தாம் வீரரைப் பற்றிய கவலை நீங்குகிறது. தலைவரை இறுதிவரை காற்றிலிருந்து காத்து, முடிவில் ஏவிவிடும் திறமையே முக்கியமாகிறது. ஆகவே வீரர்களை ஆராயுமுன் விதியை ஆராய்தல் வேண்டும்.

இத்தனையும் கற்ற ஒருவர், போட்டியிடும் இருபதுக்கு மேற்பட்ட அணிகளுள் எந்த மூன்று அல்லது நான்கு அணிகள் முன்னணியில் நிற்கும் என்று துணிந்து சொல்லலாம். அது அறிவின் பயன், சிறிய பயனன்று. அவற்றுள் முதலாவது எது என்று அறுதியிட்டுச் சொன்னால், அவர் சொல் பலித்தாலும் அதனை அறிவின் வெற்றி என்று கொள்ளுதல் தகாது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை அளந்து எழுதும் மாணவர், அந்த அளவில் எவ்வளவு பிழை நேரலாம் என்பதையும் அருகே குறிப்பது வழக்கம். பந்தயத்தைக் கணிப்பவரும் அவ்வாறே குறிக்கப் பழகின், அவர் சொல்லை நாம் நம்பிக் கேட்கலாம்.